தாத்தா வந்த கப்பல்

1924-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குடியேற்றத்துக்கு ஓர் அளவுகோல் வைத்தது. 1890-ம் வருஷத்து ஜனக்கணக்கைப் பார்த்து, இந்தத் தேசத்துக்கு இத்தனை பேர் என்று. பிந்தி வந்துகொண்டிருந்த இத்தாலியருக்கும் யூதருக்கும் அநேகமாய்க் கதவடைப்பு. ஆசியாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கப்பலேறி வந்த மூதாதை இல்லாத அங்கத்தினர் அந்தச் சபையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

எதிர்த்து வோட்டுப் போட்ட சிலரில் புரூக்ளின்காரர் இமானுவல் செல்லரும் ஒருவர், சபைக்குப் புதியவர். அவருடைய பாட்டனார்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அதை அவர் மறக்கவில்லை. 1946-ல் இந்தியருக்கு வருஷத்துக்கு 100 இடம் (நூறே நூறு!) தந்த சட்டத்திலும் அவர் பெயர் உண்டு. 41 வருஷம் சபையிலேயே காத்திருந்து, 1965-ல் தம் பெயர் தாங்கிய சட்டத்தால் பழைய அளவுகோலையே ஒழித்தார்.

அந்த வழியாகப் போனவர்தான் என் ஒன்றுவிட்ட சித்தப்பா. போன மாசம் ஊருக்கு வந்திருந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "இனிமேல் வருகிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தினால் தேவலை" என்றார்.