காற்றின் மேல் ஒரு வழக்கு

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் அகப்பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சரித்திரம் நம்முடைய இந்தச் சௌகரியத்தைப் பார்ப்பதில்லை. அங்கே பெரும்பாலும் ஒரு நியாயமும் இன்னொரு நியாயமும்தான் மோதிக்கொள்கின்றன. அமெரிக்காவில் கேப் காட் கடற்கரையில் பதினாறு வருஷம் நடந்த ஒரு தகராறு அத்தகையது.

பூகோளப் படத்தை எடுத்துப் பார்த்தால், மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்திலிருந்து மடக்கிய கை போல ஒரு நிலம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதுதான் கேப் காட். அதற்குத் தெற்கே நான்டக்கெட், மார்த்தாஸ் வின்யார்ட் என்று இரண்டு தீவுகள். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடலுக்கு நான்டக்கெட் ஸவுண்டு என்று பெயர். கோடை வந்தால் செல்வர்கள் குடும்பத்தோடு வந்து தங்கிப் பாய்மரப் படகு விடுகிற இடம் அது. ஹயானிஸ் நகரத்தை அடுத்த ஹயானிஸ் போர்ட்டில் கென்னடி குடும்பத்தாரின் கோடை வாசஸ்தலம் இருக்கிறது.

இந்தக் கரைக்குக் காற்றாலை ஒன்றும் புதிதல்ல. 1776-ல், சுதந்திரப் போரினால் உப்புக்குப் பஞ்சம் வந்தபோது, டென்னிஸ் என்ற ஊரில் ஜான் ஸியர்ஸ் என்ற மாலுமி மரத்தொட்டிகளில் கடல் நீரைக் காயவைத்து உப்பு எடுக்கப் பார்த்தார். ‘ஸியர்ஸின் பைத்தியக்காரத்தனம்’ என்று ஊர் சிரித்தது. பிறகு காற்றாலையை வைத்துக் கடல் நீரை இறைக்கலாம் என்று கண்டார்கள். சிரித்தவர்களும் தொட்டி கட்டினார்கள். கரை நெடுகக் காற்றாலைகள் சுழன்றன. நான்டக்கெட் தீவில் 1746-ல் மாவு அரைக்கக் கட்டிய காற்றாலை இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ‘ஆகா, என்ன அழகு!’ என்று சொல்லாத யாத்திரிகர் இல்லை.

ஆனால் 2001-ல் ஜிம் கார்டன் என்பவர் கொண்டுவந்த யோசனையை யாரும் ‘ஆகா’ என்று வரவேற்கவில்லை. அவர் மின்சார நிலையங்கள் கட்டிப் பழகிய முதலாளி. ஸவுண்டின் நடுவே ‘குதிரை லாட மேடு’ என்று ஓர் ஆழமில்லாத மணல் திட்டு இருக்கிறது. அங்கே 130 காற்றாலைகளை நட்டு 468 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்றார். கேப் காட்டுக்கும் தீவுகளுக்கும் வேண்டிய மின்சாரத்தில் முக்கால் பங்கு அதில் கிடைக்கும் என்பது கணக்கு. ஒவ்வொன்றும் இறக்கை நுனி வரை 440 அடி உயரம். கரையிலிருந்து ஐந்து மைல் தூரம். அவ்வளவு தூரத்தில், நீட்டிய கையில் பிடித்த அரை அங்குலக் குச்சி அளவுக்குத்தான் தெரியும் என்றார்கள் ஆதரவாளர்கள். அரை அங்குலமானாலும் தினமும் கண்ணில் விழுமே என்றார்கள் கரைவாசிகள்.

எதிர்ப்புச் சங்கம் உடனே கிளம்பியது. நிலக்கரியிலும் எண்ணெயிலும் செல்வம் சேர்த்தவரும், கரையோரம் மாளிகை உள்ளவருமான பில் கோக் அதற்குப் பணத்தை வாரி வழங்கினார். செனட்டர் எட்வர்டு கென்னடியும் கவர்னர் மிட் ராம்னியும் 1994-ல் தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றவர்கள். இந்த விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி! சுற்றுச்சூழலுக்காக வாதாடிப் பெயர் பெற்ற இளைய ராபர்ட் கென்னடியே 2005-ல் இதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். காற்றாலை நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம் என்பது அவர் கட்சி. ஊருக்கெல்லாம் நல்லது, என் வாசலுக்கு ஆகாது என்பதைக் கேட்டு நகைக்கத் தோன்றுகிறது. நம் தெருவில் ஒரு கம்பம் நட வந்தால் நாம் என்ன சொல்லுவோம் என்று யோசித்தால் நகைப்பு அடங்கிவிடும்.

புகழ்பெற்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் க்ரான்கைட் முதலில் எதிர்ப்பாளர்களின் விளம்பரத்தில் பேசினார். பிறகு, தீர யோசிக்காமல் பேசிவிட்டோம் என்று 2003-ல் விலகிக்கொண்டார். அந்த வயதில் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

அதே 2003 ஏப்ரலில், அருகே உள்ள பஸ்ஸார்ட்ஸ் விரிகுடாவில் ஒரு எண்ணெய்ப் படகு பாறையில் உரசி வயிறு கிழிந்தது. கேப் காட் கால்வாய்க் கரையில் உள்ள மின்சார நிலையத்துக்குத்தான் அந்த எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. கரை கறுத்தது, நூற்றுக்கணக்கான கடற்பறவைகள் மடிந்தன. பழைய மின்சாரத்துக்கும் ஒரு விலை உண்டு. அது மாளிகையின் ஜன்னலிலிருந்து தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் மாளிகைவாசிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மேட்டில் வலை இழுத்துப் பிழைத்த மீனவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்த மண்ணில் இருந்த வாம்பனோக் ஆதிகுடிகளும் இருந்தார்கள். அவர்கள் பெயருக்கே ‘முதல் ஒளியின் மக்கள்’ என்று அர்த்தம். தடையில்லாத கிழக்குத் தொடுவானத்தில் சூரியோதயம் காண்பது அவர்களுடைய வழிபாடு. பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்பு அந்த மேடு உலர்ந்த நிலமாக இருந்தது என்றும், தங்கள் மூதாதையர் அங்கே உறங்குகிறார்கள் என்றும் சொன்னார்கள். படகுச் சவாரிக்காக மாளிகைக்காரர் கேட்ட அதே வெறுங்கடலைத் தெய்வத்துக்காக ஆதிகுடிகள் கேட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

2010 ஏப்ரலில் மத்திய மந்திரி கென் ஸலஸார் அனுமதி வழங்கினார். அதற்கு முன் நேரில் வந்து ஆதிகுடிகளைச் சந்தித்துப் பேசியும் இருந்தார். ஆனாலும் வழக்குகள் ஓயவில்லை. இருபதுக்கு மேல் போயின. அநேகமாக எல்லாவற்றிலும் கார்டன் பக்கமே ஜயித்தது. ஜயித்து என்ன பயன்? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். வழக்கும் நின்றுதான் கொல்லும். மின்சாரத்தை வாங்க ஒப்புக்கொண்ட இரு கம்பெனிகள், 2014 முடிவதற்குள் நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2015 ஜனவரியில் ஒப்பந்தத்தை ரத்து செய்தன. யூனிட்டுக்கு 18.7 சென்ட் என்று தொடங்கி வருஷா வருஷம் ஏறும் விலை அவர்களுக்கும் பாரமாகத்தான் இருந்தது. 2017 டிசம்பரில் கார்டன் குத்தகையையே கைவிட்டார். ஒரு காற்றாலைகூட நடாமல் பத்துக் கோடி டாலருக்கு மேல் கடலில் கரைந்தது.

இதற்குள், 2016 டிசம்பரில், பக்கத்து ரோட் ஐலண்டில் ஐந்தே ஐந்து காற்றாலைகள் ஓசைப்படாமல் சுழலத் தொடங்கி, அமெரிக்காவின் முதல் கடல் காற்றாலை நிலையம் என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போயின. பிறகு மார்த்தாஸ் வின்யார்டுக்குத் தெற்கே, கரையிலிருந்து பதினைந்து மைல் விலகி, 62 காற்றாலைகளுக்குத் திட்டமிட்டார்கள். 2024 ஜனவரியில் அங்கிருந்து முதல் மின்சாரம் கரை சேர்ந்தது. தள்ளிப் போட வேண்டும் என்ற பாடத்தைக் கற்பித்தது பழைய சண்டைதான். ஆனால் அதே வருஷம் ஜூலையில் ஒரு ராட்சத இறக்கை முறிந்து, அதன் துண்டுகள் நான்டக்கெட் கரையில் ஒதுங்கின. கோடைக் கூட்டத்தின் நடுவே கடற்கரைகளை மூட நேர்ந்தது. பயந்தவர்களின் பயம் முழுவதும் பொய்யல்ல என்பதும் தெரிந்தது.

குதிரை லாட மேட்டின் மேல் இன்றும் தடையில்லாமல் சூரியன் உதிக்கிறது. முதல் ஒளியின் மக்களுக்கு அது வெற்றிதான். அவர்களுக்காக மனம் சந்தோஷப்படுகிறது. ஆனால் அந்தப் பதினாறு வருஷமும் அந்தக் கரை விளக்கேற்றாமல் இருந்துவிடவில்லை. அதற்காக வேறு எங்கோ ஏதோ புகைந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் புகையின் அடியில் குடியிருந்தவர்களுக்கு வழக்குப் போட வக்கீலும் இல்லை. பார்த்து ரசிக்கக் கடலும் இல்லை.