எத்தனை வருடம்? எப்படிப்பட்ட வருடம்?

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை நாள்?" என்பதுதான். "அந்த நாட்களை எப்படி வாழ்வேன்?" என்பது இரண்டாவது கேள்வி. புராஸ்டேட் புற்றுநோய் விஷயத்தில் இந்த இரண்டாவது கேள்வி மருத்துவ உலகத்துக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தோன்றியது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே போகிறது. தாம்பத்தியத்துக்குத் தேவையான நரம்புகள் அதை ஒட்டியே ஓடுகின்றன. அதனால் அங்கே எந்த வைத்தியம் செய்தாலும் இந்த இரண்டில் ஒன்று பாதிக்கப்படலாம்.

1904-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ யங் என்பவர் சுரப்பியை முழுதாக அகற்றும் ஆபரேஷனைச் செய்தார். உயிர் பிழைத்தால் போதும் என்ற காலம் அது. 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் பரவிய நோய்கூட அடங்குகிறது என்று காட்டினார். விரையை அகற்றுவது அதற்கு ஒரு வழி. 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைச் செய்ய ஊசிகள் உண்டு. ஆனால் தொடர்ந்து போட வேண்டும், செலவு அதிகம். அதனால் நம் நாட்டில் இன்றும் பலர் ஆபரேஷனையே ஏற்கிறார்கள்.

1982-ல் பேட்ரிக் வால்ஷ், நரம்புகளை வெட்டாமல் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். நோயாளியின் பிற்கால வாழ்க்கையும் வைத்தியத்தின் கணக்கில் சேர்ந்தது அப்போதுதான் என்றே சொல்லலாம்.

சரி, வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது? 1940-களின் இறுதியில் வந்த கார்னோஃப்ஸ்கி முறையில் டாக்டரே நோயாளிக்கு 0 முதல் 100 வரை மார்க் போடுவார். நோயாளியிடமே கேட்கும் 30 கேள்விகள் கொண்ட ஐரோப்பியப் படிவம் 1993-ல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் சும்மா இருக்கவில்லை. நம் ஊர் நோயாளிகளுக்கென்றே ஒரு வாழ்க்கைத் தரக் கேள்விப் படிவத்தைத் தயாரித்துச் சோதித்து, 2005-ல் வெளியிட்டது.

பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வு இன்னும் முக்கியமானது. சுரப்பியைத் தாண்டாத நோய் உள்ள 1,643 பேரை மூன்று பிரிவாக்கினார்கள்: ஆபரேஷன், கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு. 2023-ல் வந்த 15 வருட முடிவின்படி, எந்தப் பிரிவானாலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் பிரிவில் ஆறு மாதம் கழித்து 46 சதவீதம் பேர் சிறுநீர் கசிவுக்காகப் பேட் வைக்க வேண்டியிருந்தது. கண்காணிப்புப் பிரிவில் 4 சதவீதம்தான்.

இதை விஸ்வநத்தத்தில் வைத்துப் பாருங்கள். பட்டாசு ஆலையில் பலருக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. கால் மணிக்கொரு தரம் எழுந்து போகிறவருக்குச் சம்பளம் குறையும். பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லவும் கூச்சம். மனைவியிடம்கூடப் பேசாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது.

கண்காணிப்பு எல்லோருக்கும் பொருந்தாது. நோய் வேகமாக வளர்வதாகவோ பரவியதாகவோ இருந்தால் தாமதிக்கவே கூடாது. நம் நாட்டில் பலர் முற்றிய பிறகே டாக்டரிடம் போகிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே அப்பாவோ மாமாவோ அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் அழைத்துப் போங்கள். நோய் உறுதியானால், கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வேறு என்ன வழிகள் உண்டு? ஒவ்வொன்றுக்குப் பிறகும் சிறுநீர், தாம்பத்தியம், வேலை எப்படி இருக்கும்?

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவ உலகமே இந்தக் கேள்விக்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.