கோள்கள் கூடிய நாள்

காவிரிப் படுகையில் வாழ்வோருக்குக் கோள்கள் வானத்தில் மட்டும் இருப்பவை அல்ல. வியாழனுக்கு ஆலங்குடி, வெள்ளிக்குக் கஞ்சனூர், திங்களுக்குத் திங்களூர் என்று அவற்றுக்கு ஊர்களே உண்டு. ஆகவே, 1962ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகர இராசியில் கூடுகின்றன என்ற செய்தி பரவியபோது மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

ஞாயிறும் திங்களும், கண்ணுக்குப் புலப்படும் ஐந்து கோள்களும் ஏறத்தாழ 16 பாகைக்குள் நெருங்கின. எட்டாவதாகக் கேதுவைச் சேர்த்து எண்ணினர். உலகமே அழியும் என்றனர் சிலர். நாடெங்கும் வேள்விகள் நடந்தன. பிப்ரவரி 5ஆம் நாள் வந்தது, சென்றது. தஞ்சைத் தரணியில் அது சம்பா அறுவடைக் காலம். நெல் வழக்கம்போல் களத்துக்கு வந்தது. அம்மாதத்திலேயே மூன்றாவது பொதுத்தேர்தலும் நடந்தது.

வரலாற்றுக்கு இது புதிதன்று. ஹிஜ்ரி 582இல், அதாவது கி.பி. 1186இல், கோள்கள் துலா இராசியில் கூடுவதால் பெரும்புயல் வீசி ஊர்களை அழிக்கும் எனச் சோதிடர் கூறியிருந்தனர். அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் நடந்ததை எழுதிவைத்துள்ளார். புயல் வரவில்லை, கோதுமையைத் தூற்றுவதற்கு வேண்டிய காற்றுக்கூட இன்றி உழவர் களத்தில் காத்துக் கிடந்தனராம்! தூற்றக் காற்றில்லாத களத்தின் தவிப்பைத் தஞ்சை உழவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரு முறையும் கணித்தவர் கணக்குப் பிழைக்கவில்லை. கோள்கள் குறித்த நாளில் கூடவே செய்தன. அக்கணக்கின்மேல் ஏற்றப்பட்ட அச்சமே பொய்த்தது. மற்றொன்றும் எண்ணத் தக்கது. இரு கூட்டங்களிலும் ஞாயிறும் உடனிருந்தமையால் அதன் ஒளியில் ஏனைய கோள்கள் மறைந்தன. மக்கள் அஞ்சியது தாம் காணவே இயலாத ஒரு காட்சிக்கு.

காணத் தக்க கூட்டங்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றன. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் ஆகிய நான்கையும் மாலை வானில் ஒருசேரக் காண முடிந்தது. கோள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே தளத்தில் ஞாயிற்றைச் சுற்றுவதால் ஒரே பாதையில் வரிசையாய்த் தோன்றுகின்றன; உண்மையில் அவற்றிடையே கோடிக்கணக்கான கல் தொலைவு உண்டு.

மலை மறைக்காத, அறுவடை முடிந்த வயல்வெளி இக்காட்சிக்கு நல்ல இடம். அடுத்த கூட்டம் எந்நாள் என்பதைக் கணக்கு நமக்குச் சொல்லும். அன்று மாலை பிள்ளைகளை வரப்பில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லிக் காட்டுவோம்.