புகையில்லா அடுப்பு வந்த கதை

தமிழ்நாட்டு வீடுகளின் மண் அடுப்பு மூன்று கல் அடுப்பிலிருந்து வளர்ந்தது. மூன்று கற்களுக்கு நடுவே எரியும் தீயில் எல்லாப் பக்கமிருந்தும் காற்று புகும், பொறி பறக்கும், விறகின் சூட்டில் பெரும்பங்கு பாத்திரத்தைச் சேராமலே போகும். கற்களைச் சுற்றிக் குதிரைலாட வடிவில் களிமண் சுவர் எழுப்பி, முன்புறம் மட்டும் வாய் விட்டபோது தீ அடங்கியது. கற்கள் இருந்த இடத்தில் மூன்று குமிழ்கள் நின்றன. பாத்திரத்தைத் தாங்குவதோடு, தீயும் புகையும் வெளியேறச் சுவருக்கு மேல் சிறு இடைவெளி விடுவதும் குமிழின் வேலை. குமிழ் உயர்ந்தால் விறகு வீண். தாழ்ந்தால் காற்றோட்டம் குறைந்து அடுப்பு புகையும். பக்கவாட்டில் ஒரு துளை வழியாகத் தீயைப் பகிர்ந்துகொள்ளும் கொடியடுப்பு பின்னர் சேர்ந்தது. பெரிய அடுப்பில் சோறு கொதிக்க, கொடியடுப்பில் தனி விறகு இல்லாமலே குழம்பு சூடாக இருக்கும்.

அடுப்புப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. சந்தையில் குயவரிடம் வாங்குவதும் உண்டு, குறிப்பாகப் பொங்கலை ஒட்டி. களிமண்ணோடு உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்துப் பிசைந்தால் காயும்போது வெடிப்பு குறையும். ஆனாலும் தினமும் சூடேறி ஆறும் மண் விரிசல் விடாமல் இராது. அதற்கான மருந்து மெழுகுதல். காலையில் சாம்பலை அள்ளி, சாணமும் மண்ணும் கரைத்த குழம்பால் அடுப்பை மெழுகிக் கோலமிடுவது தூய்மைச் சடங்காகவே பேசப்படுகிறது. அதற்குள் ஒரு தொழில்நுட்பக் காரியமும் நடந்தது: அடுப்பின் ஒவ்வோர் அங்குலமும் நாள்தோறும் ஒரு கையின் கீழ் வந்துபோனது. விரிசல் அன்றே அடைபட்டது. தேய்ந்த குமிழ் அந்த வாரமே சரியானது. சாம்பல் தேங்காததால் காற்று தடையின்றி நுழைந்தது. அள்ளிய சாம்பல் பாத்திரம் துலக்கப் போயிற்று.

கூரை வீடுகளில் தீப்பிடிப்பதுதான் பெரிய அச்சம். சமையலறையைத் தனியாகவோ வீட்டின் ஓரத்திலோ வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தென்கிழக்கை அக்னி மூலை என்று வகுத்த மனையடி சாஸ்திரத்துக்குக் காற்றின் திசையைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஊருக்கு ஊர் காற்று மாறுவதால் அந்த விளக்கத்தை முழுதாக ஏற்பது கடினம். சமையல் முடிந்ததும் எரிகொள்ளிகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பதே உண்மையான காவல். தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில் அதுவும் முழுமையாக நடக்கவில்லை. மறுநாளைக்கு நெருப்பு வேண்டும் என்பதால் தணலைச் சாம்பலில் புதைத்து வைப்பார்கள். அணைந்துபோனால் பக்கத்து வீட்டிலிருந்து ஓட்டில் கங்கு வாங்கி வருவார்கள். கங்கோடு தெருவில் நடப்பதும், இரவு முழுதும் அடுப்பில் உயிருள்ள தணல் கிடப்பதும் ஆபத்தானவைதாம். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, தீக்குச்சி மலிவானபின் இந்த வழக்கம் மறையத் தொடங்கியது.

புகையை அக்காலத்தவர் முழுப் பகையாகக் கருதவில்லை. அடுப்புக்கு மேல் தொங்கிய விதைக்கதிர்களையும் சோளக்கதிர்களையும் பூச்சி அண்டாமல் காத்தது புகை. கூரை ஓலையையும் மூங்கிலையும் செல்லரிக்காமல் வைத்ததும் அதுவே. இந்தப் பயன்களுக்கான விலையைக் கண்ணாலும் மூச்சாலும் கொடுத்தவர்கள் அடுப்பின் முன் குந்தி ஊதுகுழலால் ஊதிய பெண்கள்.

புகையின் அளவைத் தீர்மானித்ததில் விறகின் ஈரம் முதன்மையானது. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு வரை நீர் இருக்கும். அதை ஆவியாக்கவே சூடு செலவாவதால் தீ குளிர்ந்து, எரியாத வாயுக்களும் கரித்துகளும் புகையாக வெளியேறும். கிராமத்தில் சுள்ளி பொறுக்குபவர் காய்ந்ததைத் தேர்ந்தெடுக்க முடியும். நகரத்தில் நிலைமை வேறு. சென்னையைச் சுற்றிய கடற்கரை மணலில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து விறகுக்காகவே சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. விறகுக்கடைகளில் அது எடைக்கு விற்கப்பட்டது. ஈரம் விற்பவருக்கு எடை, வாங்குபவருக்குப் புகை. வாங்கிய விறகைப் பிளந்து வெயிலில் உலர்த்தி, மழைக்கு முன் அடுக்கி வைத்த வீடுகளில்தான் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. அடுப்புக்கு மேலேயே பரணில் விறகை உலர்த்தியவர்களும் உண்டு. விறகு நன்றாகக் காய்ந்தது. ஒரு பொறி மேலே போனால் எல்லாம் போயிற்று.

புகையை வீட்டிலிருந்து வெளியேற்றும் திட்டமிட்ட முயற்சி காந்திய கிராமத் தொழில் இயக்கத்திலிருந்து வந்தது. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. வார்தாவில் சங்கம் இயங்கிய மகன்வாடியில் 1940களில் உருவான புகையில்லா அடுப்புக்கு மகன் அடுப்பு என்று பெயர். அடுத்து ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.ராஜு இன்னொரு வடிவத்தை உருவாக்கினார். அதை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1953இல் சென்னையில் வெளியானது. இவ்வகை அடுப்புகளின் அடிப்படை ஒன்றே. மண்ணுடல் மூடியிருக்கும், மேலே பாத்திரங்களுக்குத் துளைகள், தீ ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு உள்வழியே சென்று, மிஞ்சிய புகை குழாய் ஏறிக் கூரைக்கு மேல் போகும். சூடான புகை எடை குறைந்து மேலே எழும்போது அடுப்பின் வாயில் புதுக் காற்றை இழுக்கும். ஊதுகுழல் தேவையில்லை.

இந்த ஏற்பாடு முழுதும் குழாயை நம்பியிருந்தது. சூடு குறைந்த குழாய்ச் சுவரில் புகையின் கரியும் பிசினும் படியும். ஈர விறகானால் படிவு விரைவில் தடிக்கும். அடைத்த குழாயால் இழுக்க முடியாது, புகை அறைக்குள்ளேயே திரும்பும். படிந்த கரி குழாய்க்குள் தீப்பிடிப்பதும் உண்டு. ஓலைக் கூரையைத் துளைத்துச் செல்லும் குழாயைச் சுற்றிப் போதிய இடைவெளியோ மண்பூச்சோ வேண்டும். துளைக்குப் பொருந்தாத பாத்திரத்தை வைத்தால் விளிம்பு வழியே புகை கசியும். இத்தனையையும் கவனிக்க வேண்டியிருந்தும், பழைய மெழுகும் கை குழாய்க்குள் எட்டவில்லை. கூரையேறிக் குழாயில் கோல் விட்டுக் கரி தட்டுவது யார் பொறுப்பு என்பது பல வீடுகளில் முடிவாகவில்லை.

மத்திய அரசு 1983இல் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதற்கு விறகுப் பற்றாக்குறையும் காடழிவு பற்றிய கவலையும் பெருங்காரணம். புகையின் தீங்கு அப்போதுதான் அளவிடப்படத் தொடங்கியிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் துகள்களை அளந்தார். பின்னர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழகக் கிராமச் சமையலறைகளில் இதே வேலையைச் செய்தது. 2002இல் திட்டம் மாநிலங்களிடம் விடப்படும்போது நாடெங்கும் சுமார் 3.5 கோடி அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு இருந்தது. கட்டியவை கணக்கில் ஏறின; பழுது பார்த்தவை ஏறவில்லை.

பழுது பார்க்கப்படாததன் விளைவை ஒடிசாவில் எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகியோர் நடத்திய நீண்ட ஆய்வு காட்டியது. புகைபோக்கி அடுப்பு பெற்ற குடும்பங்களை அவர்கள் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். முதல் ஆண்டில் புகை குறைந்தது; பிறகு அந்தப் பலன் மறைந்தது. பல வீடுகளில் அடுப்பு ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை, பழுதானபோது சரிசெய்யப்படவும் இல்லை.

தமிழ்நாட்டில் 2006 தேர்தல் வாக்குறுதியைத் தொடர்ந்து வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் சமையலைப் பெருமளவில் விறகிலிருந்து விலக்கின. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்போது மாநிலத்தில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருளில் சமைத்தன. சிலிண்டர் விலை ஏறும்போதும், வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும் விறகு தொடர்கிறது. அந்த அடுப்புகள் இப்போது பெரும்பாலும் கொல்லையில், மூன்று செங்கல்லுக்கு மேல் நிற்கின்றன. மெழுகுவாரும் இல்லை, புகைபோக்கியும் இல்லை.