நெஞ்சு வலிக்கு முன்பே நாடி காட்டும் அறிகுறி

"நேற்று இஷாவுக்கும் ஜமாஅத்தில் நின்றவர், ஒரு வருத்தமும் இருக்கவில்லை" என்று திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஜனாஸா வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். மாரடைப்பு திடீரென்று வரலாம். ஆனால் அதற்குக் காரணமான நோய் நாடிகளுக்குள் பல வருடங்களாக வளர்ந்து வந்திருக்கும்.

வகுப்பில் குருதிச் சுற்றோட்டம் படிப்பிக்கும்போது நாடியை வெறும் குழாயாகவே வரைந்து காட்டுகிறேன். உண்மையில் அதன் உட்புறத்தில் அகவணி என்ற மெல்லிய உயிருள்ள கலப்படை இருக்கிறது. குருதி வேகமாக ஓடும்போது அது நைத்திரிக் ஒட்சைட்டை வெளியிடும். நாடியின் தசை தளர்ந்து நாடி விரியும். அகவணியின் இந்தப் பங்கை ரொபர்ட் ஃபேர்ச்கொட் 1980 இல் வெளிப்படுத்தினார். 1998 இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கூடிய கொலஸ்திரோல் என்பன அகவணியைப் பழுதாக்கும். அடைப்பு உண்டாகும் முன்பே நாடி விரியும் திறன் குறைந்துவிடும்.

இதை அளக்கும் முறையொன்றை டேவிட் செலர்மேயர் குழுவினர் 1992 இல் வெளியிட்டனர். பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் இறுக்கிச் சுமார் 5 நிமிடம் குருதியோட்டத்தை நிறுத்துவார்கள். பட்டியைத் தளர்த்தியதும் குருதி பாய்ந்து வரும். அப்போது கையின் நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். எந்த அறிகுறியும் இல்லாத புகைபிடிப்பவர்களிடம் அந்த விரிவு குறைந்திருந்தது. பிறர் விடும் புகையைச் சுவாசித்துவந்த இளைஞர்களிடமும் அதே பாதிப்பு இருப்பதை 1996 இல் அவர்கள் காட்டினர். வீட்டுக்குள் புகைக்கும் வாப்பாமார் இதை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் இந்தச் சோதனையைத் தேடிப் போக வேண்டுமா? தேவையில்லை. அளக்கப்படும் மாற்றம் ஒரு மில்லிமீற்றரில் சிறு பகுதிதான். செய்பவரின் பயிற்சி, சற்று முன் உண்ட உணவு, பிடித்த சிகரட் எல்லாம் முடிவை மாற்றும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே அமெரிக்க இருதய நோய் அமைப்புகளின் 2010 வழிகாட்டியும் சொல்கிறது. இது பெரும்பாலும் ஆய்வாளர்களுக்கு உரிய கருவி.

நமக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்கள் பிரஷர், சீனி, நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கொலஸ்திரோல் சோதனை வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். புகைத்தலை விட்டு, தினமும் வேகமாக நடந்தால் அகவணியின் திறன் மீண்டும் கூடும்.

பள்ளிவாசல் நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி, வருடத்தில் ஒரு ஜும்ஆ நாளிலாவது பரிசோதனை முகாம் வையுங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நெஞ்சு வலி வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.