நாளுக்கு ஒரு வரி



அண்மையில் எங்கள் பள்ளிக் கணினி அறையில் மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி அளித்தேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, அதை அடுத்து ஒரே ஒரு வரி எழுத வேண்டும். கணினி அன்றைய தேதியைத் தானே முன்னால் இட்டு, அவ்வரியை ஒரு கோப்பின் இறுதியில் சேர்த்துவிடும். முன்பு எழுதியது அழியாது. புதியது அதன் கீழே அமரும். "இதனால் என்ன சார் பயன்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையையே இங்குப் பதிகிறேன்.

புதுச்சேரியில் வாழ்ந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6ஆம் நாள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பின்னர் ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக இருந்தார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, அங்காடியில் உலவிய வதந்தி என அனைத்தையும் தமிழில் குறித்தார். 1761 சனவரியில் அவர் மறையும் காலம்வரை அப்பணி தொடர்ந்தது. ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, 1846இல் அக்குறிப்புகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1904 முதல் 1928 வரை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை ஆராய்வோர் இன்றும் அவரைத் தேடிச் செல்கின்றனர்.

நம் கெடா மாநிலத் தோட்டங்களிலும் நாள்தோறும் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணியார் செக்ரோலில் குறித்துக்கொள்வார். ஆனால் அது கூலிக் கணக்கு. எவர் வேலைக்கு வந்தார் என்பது அதில் உண்டு. அவர் எப்படி வாழ்ந்தார் என்பது இல்லை.

1941 டிசம்பரில் சித்ரா போருக்குப் பின் சப்பானியர் கெடாவைக் கைப்பற்றினர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே போர்க் கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப் மறைவாக நாட்குறிப்பு எழுதினார். அது 1986இல் நூலாயிற்று. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அக்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. நம்மவர்க்கோ மதிப்பீடுகள் மட்டுமே உள்ளன. அவையும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. ஆர். சண்முகம், ஆ. ரெங்கசாமி போன்ற நம் எழுத்தாளர்கள் பிற்காலத்தில் நாவல்கள் வழியாகத்தான் அத்துயரைப் பதிவு செய்ய முடிந்தது.

என் தாத்தா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்; சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். எந்த நாளில் போனார், எந்த நாளில் வந்தார் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. "மழை நேரத்துல போனாரு, ஆள் அடையாளம் தெரியாம வந்தாரு," என்பார் பாட்டி. எங்கள் குடும்ப வரலாறு அந்த ஒரு வாக்கியம்தான். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் எழுத்து தெரியும். நாம் என்ன காரணம் சொல்லப் போகிறோம்?

ஆசிரியர்களே, வகுப்பு முடியும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பெற்றோர்களே, கணினி இல்லாவிடில் எட்டு மூலை நோட்டுப் புத்தகம் எதுவாயினும் போதும். தேதியும் ஒரு வரியும் இருக்கட்டும். பிள்ளை எழுதுவதைத் திருத்த வேண்டா; எழுத விடுங்கள்.

கேள்வி கேட்ட அம்மாணவன் அன்று தட்டிய வரி இது: "இன்று தாத்தாவிடம் அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்க வேண்டும்."

மறுநாள் அதன் கீழே அத்தோட்டத்தின் பெயர் இருந்தது.