தகடூர் நாட்டுத் தீயும் கொள்ளிவாய்ப் பேயும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர் பெயர்களாலும் போர் நிகழ்ந்த ஆண்டுகளாலும் மட்டும் நிறைவதன்று. அந்நாட்டு மக்கள் எவற்றைப் போற்றினர் என்பதோடு எவற்றுக்கு அஞ்சினர் என்பதும் வரலாற்றின் பகுதியே. போற்றியவை கல்லிலும் செப்பேட்டிலும் பதிவாயின. அஞ்சியவை பாட்டியர் சொன்ன கதைகளில் மட்டும் தங்கின. அத்தகைய அச்சங்களுள் ஒன்று கொள்ளிவாய்ப் பேய். தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் வழங்கும் இந்நம்பிக்கையைத் தகடூர் நாடாகிய தருமபுரி மண்ணில் வைத்துப் பார்க்கும்போது, ஈராயிரம் ஆண்டுச் சிந்தனைத் தொடர்ச்சி ஒன்று புலப்படுகிறது.

சொல்லும் உருவும்

கொள்ளி என்பது எரியும் விறகுக் கட்டை. இறந்தார்க்கு மகன் இடும் நெருப்பும் கொள்ளியே. ஆகவே கொள்ளிவாய்ப் பேய் என்ற தொடர் கேட்ட அளவில் இடுகாட்டை நினைவூட்டுவது. இருளில் தொலைவில் ஒரு சுடர் தோன்றும், அது பேய் வாய் திறத்தலால் எழுவது, நெருங்கினால் மறையும், வேறோரிடத்தில் மீண்டும் தோன்றும், தொடர்ந்து சென்றவன் வழிதப்பி அழிவான் என்பது கதையின் சாரம். ஏரியின் சேற்றுப் படுகை, வயலின் ஓரம், சுடுகாடு ஆகியவையே அது உலவும் இடங்கள்.

தகடூரின் தீ

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாடல்களில் தீ மீண்டும் மீண்டும் வருகிறது. புறநானூற்றின் 315-ஆம் பாடல் அவனை, வீட்டின் இறப்பில் செருகி வைத்த தீக்கடை கோலுக்கு ஒப்பிடுகிறது. தன் ஆற்றல் தோன்றாமல் அடங்கியிருக்கவும் வல்லவன். வேண்டியபோது அக்கோலிலிருந்து பிறக்கும் பெருநெருப்புப் போல வெளிப்படவும் வல்லவன் என்பது கருத்து. அதே புலவர் அவன் இறந்தபின் பாடியது 231-ஆம் பாடல். ஈமத்தில் கரிந்த விறகினை, குறவன் புனத்தை எரித்தபோது எஞ்சிய குறைக்கட்டைகளோடு ஒப்பிடுகிறார். அந்நெருப்பு உடலைச் சுட்டாலும் சுடாமல் வானளாவ நீண்டாலும், அவன் புகழ் மாயாது என முடிக்கிறார்.

இவ்வுவமைகள் இரண்டும் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. மலைச்சாரலில் காட்டை வெட்டி எரித்துத் தினை விதைத்த மக்களுக்கு இரவில் தொலைவில் தெரியும் தீ பழகிய காட்சி. அது உணவு தரும் தீ. ஈமத் தீயோ உயிர் கழிந்ததன் அடையாளம். ஒரே கரிக்கட்டை இரண்டையும் நினைவூட்டிற்று. தீயின்மீது மக்களுக்கு இருந்த நன்றியும் அச்சமும் ஒருங்கே பிறந்த நிலம் இது எனலாம்.

காக்கும் பேயும் அச்சுறுத்தும் பேயும்

பழந்தமிழர் கருத்தில் பேய் முற்றிலும் தீயது அன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகப் பேய் ஓம்பும் பக்கத்தைக் கூறுகிறது. போர்க்களத்தில் புண்பட்டு வீழ்ந்து, காப்பார் எவரும் இல்லாமல் கிடக்கும் வீரனைப் பேயே காத்து நிற்கும் நிலை அது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் வீரனைப் பிரியாமல் காக்கும் பேய்நிலையும் உண்டு. களத்தில் வீழ்ந்தோரை அச்சுறுத்தும் பேய்க்காஞ்சியும் உண்டு.

இவற்றோடு வைத்து எண்ணத்தக்கது அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாடல். புண்பட்ட தலைவனைப் பேய் அணுகாதபடி மகளிர் வீட்டில் வேப்பிலையும் இரவத் தழையும் செருகுகின்றனர்; வெண்சிறு கடுகைத் தூவுகின்றனர்; நறும்புகை எழுப்புகின்றனர்; மணி அடிக்கின்றனர்; காஞ்சிப் பண் பாடுகின்றனர். இப்புலவர் தகடூருக்கு அயலவர் அல்லர். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவரும், அப்போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்காக 230-ஆம் புறப்பாடலில் இரங்கியவரும் இவரே. வென்றவனையும் பாடி, வீழ்ந்தவனுக்கும் அழுத புலவர், புண்பட்டோர் வீட்டின் அச்சத்தையும் அறிந்திருந்தார். நோயுற்றவர் வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதும், கடுகு சுற்றித் தீயிலிடுவதும் இன்றும் நீங்காத வழக்கங்கள்.

சுடுகாட்டுக் கொள்ளி

பேயும் தீயும் ஒன்றுசேரும் இடம் சுடுகாடு. கள்ளி படர்ந்த நிலத்தில் பகலிலும் கூகை கூவ, ஈம நெருப்பே விளக்காகப் பேய்மகளிர் திரியும் முதுகாட்டைப் புறநானூற்று 356-ஆம் பாடல் காட்டுகிறது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு படி மேலே செல்கிறார். அவர் காட்டும் பேய் ஈமத்தில் எரிந்து எஞ்சிய கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. கொள்ளி இங்கே பேயின் அணிகலனாகிவிட்டது. அது பேயின் வாயிலேயே அமர்ந்த நாட்டுப்புற உருவம், இந்தச் சுடுகாட்டுக் காட்சிகளின் வழியில் வந்தது எனக் கருத இடமுண்டு.

சுடுகாட்டைப் பற்றிய அச்சம் பேயோடு நிற்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. கடல் சூழ்ந்த நிலத்தை ஆண்ட வேந்தரும் இறுதியில் உப்பில்லாச் சோற்றை இழிபிறப்பினன் கையால் பெறுவர் என்கிறது 363-ஆம் புறப்பாடல். செல்வம் நிலையாது என்பதை உணர்த்தவே புலவர் இதைச் சொன்னார். ஆயினும் அரசனுக்கும் கடைசிக் கடன் செய்த அந்த மனிதனுக்குச் சமுதாயம் அளித்த பெயர் அதுவே. பேய்க்கு அஞ்சிய ஊர், பேயிடத்தில் ஊருக்காக இரவெல்லாம் தீ காத்தவனைத் தொலைவில் நிறுத்தியது. அச்சத்தின் வரலாற்றை எழுதுவோர் இச்சுமையைத் தாங்கியவர் யாவர் என்பதையும் எழுதவேண்டும்.

மணிமேகலையின் விடை

இவ்வச்சத்துக்கு அன்றே ஒரு விடையும் எழுந்தது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சார்ங்கலன் என்னும் சிறுவன் புகார் நகரத்துச் சுடுகாட்டில் தனியே நுழைந்து, பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான். அஞ்சி ஓடி, தாய் கோதமையிடம் சொல்லி உயிர் விடுகிறான். தாய் சம்பாபதித் தெய்வத்தை அழைத்து நீதி கேட்கிறாள். அணங்கோ பேயோ உயிரை உண்பதில்லை. சிறுவனின் பேதைமையையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை வந்து உயிரைக் கொண்டது என்பது தெய்வத்தின் விடை. பேயை இல்லையென்று சாத்தனார் கூறவில்லை. கொல்லும் ஆற்றலை அதனிடமிருந்து பறித்துவிட்டார். அச்சமே ஆளைக் கொல்லும் என்ற உண்மையைத் தெய்வத்தின் வாயால் சொல்லவைத்தது அக்காலத்துப் பெரும் துணிவு.

கல் பெற்றவரும் பெறாதவரும்

தருமபுரிப் பகுதி நடுகற்கள் நிறைந்தது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பல இங்குக் கிடைத்துள்ளன. தொறு என்னும் ஆநிரையைக் கவர்ந்தபோதும் மீட்டபோதும் வீழ்ந்தவரின் பெயரை அவை தாங்கி நிற்கின்றன. 1975-இல் வெளிவந்த ‘தருமபுரி கல்வெட்டுகள்’ தொகுதியால் அவற்றின் செய்தி பரவலாக அறியப்பட்டது. கணவனோடு தீப்புகுந்த பெண்டிர்க்கு எடுத்த கற்களும் வடதமிழகத்தில் உண்டு. அத்தகைய பெண்டிர் தீப்பாய்ந்த அம்மன் எனத் தெய்வமாயினர். அவ்வழக்கத்தின் கொடுமையை 1829-இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டில் சென்னை மாகாணத்திலும் சட்டம் தடுத்தது.

போரில் வீழ்ந்தவன் கல்லானான். தீயில் வீழ்ந்தவள் அம்மனானாள். பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் வழிநடையிலும் மாண்டவர்க்குக் கல்லும் இல்லை, பூசையும் இல்லை. அகாலச் சாவு எய்தியவர் பேயாய் அலைவர் என்ற நம்பிக்கை இவர்களையே குறிக்கிறது. இடம் பெறாதவர் அலைவதாகவும், கையில் விளக்கின்றி வாயில் நெருப்போடு வருவதாகவும் மக்கள் எண்ணினர். பாராமகால் எனப்பட்ட இந்நாடு, 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறும் வரையில் மைசூர்ப் போர்களின் படைவழியாகவும் இருந்தது. பெயரற்ற சாவுகள் மிகுந்த நிலத்தில் பேய்க்கதை மிகுந்ததில் வியப்பில்லை.

அறிவியல் கூறுவது

சேற்றில் அழுகும் இலைதழைகளிலிருந்து எரியும் வளி எழுவதை இத்தாலிய அறிஞர் வோல்டா 1776-இல் ஏரி நீரில் ஆராய்ந்து கண்டார். அதுவே மீத்தேன். கொள்ளிவாய்ப் பேய்க்கு அதைக் காரணமாகக் கூறுவது வழக்கமாயிற்று. ஆனால் மீத்தேன் தானே பற்றிக்கொள்வதில்லை. பொறி எங்கிருந்து வந்தது என்ற வினா நெடுங்காலம் நின்றது. நீரில் எழும் நுண்ணிய வளிக்குமிழிகளுக்கு இடையே சிறு மின்பொறிகள் தோன்றுவதை 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டி, அவ்வினாவுக்கு ஒரு விடை தந்தது. வங்காளத்துச் சதுப்புகளில் ஆலேயா என்றும், கச்சு நாட்டுப் பன்னிப் புல்வெளியில் சிர் பத்தி என்றும் இத்தகைய ஒளியை மக்கள் வழங்குவர். தருமபுரி மாவட்டத்திலேயே நல்ல சான்று ஒன்றுண்டு. ஒகேனக்கல் என்பது கன்னட மொழியில் புகையும் கல் எனப் பொருள்படும். அங்கே நெருப்பில்லை, காவிரி பாறையில் மோதி எழுப்பும் நீர்த்திவலையே புகையாகத் தோன்றியது. கண்டதைக் கண்டவாறே பெயரிட்ட மக்கள் அங்கே அஞ்சவில்லை. இருளில் கண்ட ஒளிக்கோ காரணம் தெரியவில்லை, ஆகவே பேயாக்கினர்.

காரணம் தெரிந்தபின் கதையைத் தூக்கியெறிதல் வேண்டுமா என்ற வினா எழும். வேண்டா என்பதே வரலாற்றின் விடை. அச்சத்தை நீக்குதல் அறிவின் கடமை. அச்சத்தில் மறைந்துள்ள மனிதரைக் கண்டறிதல் ஆய்வின் கடமை. தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்காமல், சில பாடல்களே எஞ்சி நிற்கின்றன. ஏட்டில் எழுதிய நூலுக்கே அக்கதி என்றால், எழுதப்படாத கதைகளின் நிலை சொல்லவேண்டியதில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் நடுகற்களைக் காப்பதோடு, அவற்றின் அருகே வாழும் முதியோர் சொல்லும் பேய்க்கதைகளையும் ஊர்ப்பெயரோடும் இடக்குறிப்போடும் எழுதி வைத்தல் வேண்டும். கல் நடப்பெற்றவரின் வரலாறு கல்லில் உள்ளது. மற்றவர் வரலாற்றுக்கு இக்கதைகளே கல்.